சுருண்டவரைத் தொடக்கூடாது

என் வேலை மனிதர்களைச் சுருட்டுவது.

சிரிக்காதீர்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்கிறார்கள் இல்லையா, அந்த ஊசி இறங்கும் நேரத்தில் நோயாளியை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சில் பதியவைத்து, என் ஒரு கை பிடரியில், ஒரு கை முழங்காலுக்குப் பின்னால். அப்படி மடங்கினால்தான் முதுகெலும்பின் கணுக்கள் விலகி ஊசிக்கு வழிவிடும். பதினான்கு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆபரேஷன் தியேட்டரில் எனக்குச் 'சுருட்டக்கா' என்று பெயர். மயக்க டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார்.

"அம்மா வயித்துல எப்படி இருந்தீங்களோ அப்படிப் படுங்க" என்பேன்.

"அதெல்லாம் ஞாபகம் இல்லையேம்மா" என்பார்கள்.

"உங்களுக்குத்தான் இல்ல. உடம்புக்கு இருக்கு. அது போக்குல விடுங்க."

நிஜமாகவே இருக்கும். மலைபோல இருக்கிற ஆள்கூட இரண்டு நிமிஷத்தில் மூட்டையாகிவிடுவார். குளிரில் சுருள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பயத்தில் சுருள்கிறவர்களை, ஒப்பாரி வைக்கிறவர்களை, மானம் போய்விட்டது என்று முகத்தை மூடிக்கொள்கிறவர்களை. யார் எதற்குச் சுருள்கிறார்கள் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். ஊருக்கெல்லாம் சொன்னவள், வீட்டில் கோட்டை விட்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் வாயாடி, அவர் உம்மணாமூஞ்சி. எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். அவருக்குக் கோபம் வந்தால் கட்டிலில் சுவரைப் பார்த்துச் சுருண்டுவிடுவார். கல்யாணமான புதிதில் நான் சும்மா விடமாட்டேன். தோளைப் பிடித்து உலுக்கி, "என்னன்னு சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க" என்று நிற்பேன். அது பெரிய சண்டையாகும். ஒருமுறை கண்ணாடி உடைந்து என் காலில் நாலு தையல். அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டோம்.

சுருண்டவரைத் தொடக்கூடாது. பேசக்கூடாது. தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். கோபம் ஆறியதும் அவரே நிமிர்ந்து உட்காருவார். நிமிர்ந்த பிறகுதான் பேச்சு. நடுவில் யாரும் தூது போகவும் கூடாது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பதினோரு வருஷம் அந்தச் சட்டம்தான் எங்கள் குடும்பத்தை ஓட்டியது. ஒன்பது வயது மகளும் அதைக் கற்றுக்கொண்டாள். பென்சில் வாங்கித் தரவில்லை என்று சோபாவில் சுருண்டு கிடப்பாள், நாங்கள் தண்ணீர் வைத்துவிட்டுப் போவோம், அரைமணியில் எழுந்து வந்து "பசிக்குது" என்பாள். வாலு என்று கூப்பிடுவோமே தவிர, இந்த விஷயத்தில் அவளைப்போல ஒழுங்கு யாரும் கிடையாது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: "எங்க வீட்ல யாராவது சுருண்டு கெடந்தா கண்டுக்காதீங்க. தானா சரியாயிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தப்பு என்னுடையதுதான். என் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணன் ஏதோ லிஃப்ட் பற்றிக் கேட்கப்போக, எனக்கு நாக்கில் சனி. வீட்டுக்காரர் எனக்கு மட்டும் சொன்ன ஒரு கதையை எல்லோர் முன்னாலும் எடுத்துவிட்டேன். போன மாதம் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு அதிலேயே ஏறினார். அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த அவசர எண்ணுக்கு அவசரத்தில் போன் போட்டால், 'பிஸி' என்று வருகிறது. திரும்பத் திரும்பப் போடுகிறார், பிஸி. ஏனென்றால் அது அவருடைய எண்ணேதான்.

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதோடு விட்டேனா? "கடைசில பயந்துபோய் மூலைல சுருண்டு உக்காந்துட்டாராம், ஒன்றரை மணிநேரம்!" என்று நடித்தும் காட்டினேன். வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார், கட்டிலுக்குப் போனார், சுவரைப் பார்த்துச் சுருண்டார்.

தண்ணீர் வைத்தேன். சட்டப்படி.

சாயங்காலம் வரை எழவில்லை. சாப்பாட்டுக்கும் எழவில்லை. 'நான் செய்தது தப்புதான், அதற்காக இவ்வளவா?' என்று எனக்கும் ஏறிக்கொண்டது. மகளோடு போய்ப் படுத்தேன். காலையில் ஆறரைக்குச் சீருடையை எடுக்க அறைக்குள் போனபோது அதே கோலம். தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இந்தப் பக்கம் திரும்பி, வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஏய்... இங்க வாயேன்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

எனக்குச் சுர்ரென்றது. ராத்திரி பூராவும் என்னைத் தவிக்கவிட்டு, படுத்த வாக்கிலேயே அதிகாரமா? "மொதல்ல நிமிருங்க. அப்புறம் கூப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆறு ஐம்பது பஸ்.

பஸ்ஸிலேயே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தியேட்டரில் முதல் கேஸ் ஒரு பிரசவம், இரண்டாவது ஒரு முழங்கால். எப்போதும் வாய் ஓயாத நான் அன்றைக்கு மடக்கினேன், பிடித்தேன், விட்டேன், அவ்வளவுதான். "என்ன சுருட்டக்கா, வாயில பிளாஸ்திரியா?" என்று மயக்க டாக்டர் கேட்டார். கை வேலை செய்தது, மனசு கால் பொசுங்கிய பூனையாக வீட்டுக்கும் தியேட்டருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது. எடுக்கமாட்டார், சுருண்டவர் போனும் எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மறுபடி போட்டேன். பெரிய சிஸ்டர் முறைத்தார், போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டியதும் திறக்கவேண்டும்போல இருந்தது.

மூன்றாவது கேஸ் ஒரு லாரி டிரைவர். குடல்வால். தள்ளுவண்டியில் வரும்போதே பந்தாகச் சுருண்டு வந்தார்.

"அடடே, எனக்கு வேலையே வைக்கலையே நீங்க" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"நிமிர முடியலக்கா" என்றார். "காலை நீட்டினா உயிர் போகுது. நேத்துலேருந்து இப்படித்தான் கெடக்கேன்."

அவரை ஒருக்களித்துத் திருப்பி, முகம் என் பக்கம், முதுகு டாக்டர் பக்கம் என்று வைத்தேன். பிடரியில் கை வைத்தபோது அவர் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை. வலது கால் இடதைவிட இறுக்கமாக மடங்கியிருந்தது.

இதே முகத்தைக் காலையில் வீட்டில் பார்த்திருந்தேன்.

கோபத்தில் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத்தான் சுருள்வார். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட வாசலைப் பார்த்துச் சுருண்டதில்லை. ஏன் இந்தப் பக்கம் திரும்பினார்? மேலுதட்டில் வியர்வை இருந்ததே, மின்விசிறிக்குக் கீழே படுத்தவருக்கு என்ன வியர்வை? "இங்க வாயேன்" என்று கூப்பிட்டாரே. சட்டத்தை மீறி அவர் கூப்பிட்டதே இல்லையே.

"அக்கா, அசையாதீங்க" என்றார் மயக்க டாக்டர். "ஊசி உள்ள போகுது."

என்னால் அசைய முடியாது. நான் அசைந்தால் டிரைவர் அசைவார், டிரைவர் அசைந்தால் ஊசி விலகும். ஊசி எலும்பில் முட்டியது. வெளியே எடுத்தார். "இன்னொரு தடவ பாக்கலாம்." என் கால் இரண்டும் ஓடத் தயாராக இருந்தன, கை இரண்டும் ஒரு அந்நியனைக் கட்டிக்கொண்டு நின்றன. இரண்டாவது முறையும் முட்டியது. "இன்னும் கொஞ்சம் மடக்குங்கக்கா." மடக்கினேன். கடவுளே, கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். டிரைவர், "நீங்க ஏங்க்கா பயப்படுறீங்க?" என்று கேட்டார். மூன்றாவது முறை இறங்கியது. எத்தனை நிமிஷம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எங்கேயும் நின்றதில்லை.

அவரை மல்லாக்கப் படுக்கவைத்ததும் ஓடினேன். பெரிய சிஸ்டர் ஏதோ கத்தினார். அலமாரிச் சாவி பூட்டுக்குள் நுழையமாட்டேன் என்றது. வீட்டுக்காரர் போன் அடித்து ஓய்ந்தது. தையல்காரம்மாவுக்குப் போட்டேன்.

"அக்கா, அவரு என்ன பண்றாருன்னு பாருங்க."

"காலைலயே மாடிக்கு வந்தப்ப ஜன்னல் வழியா பாத்தேனே. சுருண்டு கெடக்காரு. ஏதோ முனகினாரு. உங்க சண்டைக்கு நடுவுல நான் எதுக்குன்னு வந்துட்டேன்." மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "நீதானம்மா சொல்லியிருக்க, சுருண்டிருந்தா யாரும் கண்டுக்கக்கூடாதுன்னு."

"அந்தச் சட்டத்துல இடி விழ!" என்று கத்தினேன். "உங்ககிட்ட சாவி இருக்குல்ல? மேல போங்க. தொட்டுப் பாருங்க. வயித்துல கை வச்சுப் பாருங்க."

மெஷின் நின்றது. படி ஏறும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், கதவு. அப்புறம் தையல்காரம்மா குரல் மாறிவிட்டது. "ஐயையோ, உடம்பு நெருப்பா கொதிக்குதும்மா. வயிறு பலகை மாதிரி இருக்கு. கண்ணு தெறந்து தெறந்து மூடுறாரு."

பலகை மாதிரி வயிறு என்றால் உள்ளே ஏதோ வெடித்திருக்கிறது என்று தியேட்டரில் இருக்கிற யாருக்கும் தெரியும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பச்சை உடுப்போடும் தியேட்டர் செருப்போடும் அவசரப் பிரிவு வாசலுக்குப் போனேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். காவலாளி, "எங்கம்மா நிக்கணும் உனக்கு? ஒரு எடத்துல நில்லு" என்றார். நில்லாவிட்டால் என்ன செய்வார்? நான் நிற்கவில்லை.

இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. கதவைத் திறந்தார்கள். சிறுத்து, கறுத்து, குழந்தையளவுக்குச் சுருண்டிருந்தார். பக்கத்தில் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கண் விரிந்தது. அப்புறம் அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல, ஒவ்வொரு அங்குலமாகக் காலை நீட்ட ஆரம்பித்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மனிதச் சத்தமாகவே இல்லை.

"என்ன பண்றீங்க? ஏங்க, என்ன பண்றீங்க!"

"நிமிர்ந்துட்டேன்" என்றார். "இப்பப் பேசலாமா?"

நான் அவர் முழங்காலைப் பிடித்தேன். பதினான்கு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முழங்கால்களை மடக்கியிருப்பேன், இந்த முழங்காலை ஒருமுறையும் மடக்கியதில்லை. "வேணாம்ங்க, வேணாம், சுருண்டே இருங்க. நீங்க பேச வேணாம், நான் பேசுறேன்" என்று சொல்லிக்கொண்டே மடக்கினேன். தள்ளுவண்டி ஓட, கூடவே ஓடினேன். "அந்தக் கதைய நான் சொல்லியிருக்கக் கூடாது. உங்க பயத்த வச்சு நான் சிரிச்சிருக்கக் கூடாது. என் வாய்ல புண்ணு வர. மன்னிச்சுடுங்க." வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவருக்குக் கேட்டதா என்று மட்டும் தெரியவில்லை, கண் மூடியிருந்தது.

குடல்வால் வெடித்திருந்தது. தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இவருக்கு முதுகு ஊசி கிடையாது. முழு மயக்கம்தான். மடக்கிப் பிடிக்க ஆள் தேவையில்லக்கா. நீங்க வெளிய உக்காருங்க." கதவு மூடியது. எத்தனையோ தடவை அந்தக் கதவை உள்ளே இருந்து மூடியவள் நான். வெளியே பெஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்தேன், எழுந்தேன். தண்ணீர்க் குழாய் வரை நடந்தேன், குடிக்காமல் திரும்பினேன். அண்ணனுக்குப் போன் போட்டு, "நேத்து சிரிச்சோம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நேற்று மத்தியானமே அவர் தோளைத் தொட்டிருந்தால்? ராத்திரி ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால்? இல்லை, எல்லாவற்றையும் விடுங்கள், காலையில் அவர் கூப்பிட்டபோது கட்டிலுக்கு ஏழெட்டு அடிதான். அந்த ஏழெட்டு அடியை நான் நடக்கவில்லை.

தையல்காரம்மா பள்ளிக்கூடம் போய் மகளைக் கூட்டிவந்தார். வாலு பையைக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்றாள். நாலு மணிக்குமேல் ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்தார். என்னைத் தெரியும் என்பதால் சுற்றிவளைக்கவில்லை.

"பிழைச்சுக்குவாரு. சீழ் வயிறு பூரா பரவியிருந்துச்சு, கழுவி விட்டிருக்கோம். ஒரு வாரமாவது இங்கதான் இருக்கணும்." முகமூடியை இறக்கினார். "ஏன் இவ்வளவு நேரம் விட்டீங்க? காலைல வந்திருந்தாக்கூட வெடிச்சிருக்காது. வலியில கூப்பிட்டிருப்பாரே, யாருமே கவனிக்கலையா?"

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் போனதும் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். தையல்காரம்மா முதுகைத் தடவினார். "பிழைச்சுட்டாருல்ல, அழாத, அழாத" என்றார். அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மகள் பக்கத்தில் இல்லை என்று கவனித்தேன்.

"வாலு எங்க?"

"அதோ, அந்தக் கோடி பெஞ்சுல." தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் பேசிட்டிருக்கும்போதே போயிடுச்சு. சுருண்டு படுத்திருக்கு. நான்... நான் தொடல."

வராந்தாவின் கோடியில், இரும்பு பெஞ்சில், முதுகுப்பையோடு, சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தாள். காலணி கழன்று கீழே கிடந்தது. ஓடிப்போய்த் தோளில் கை வைத்தேன். அவள் உடம்பு கட்டையாக விறைத்தது.

"தொடக்கூடாது" என்றாள் சுவரிடம்.

"தொடுவேன்."

"நான் இன்னும் நிமிரல."

"நிமிர வேணாம். அப்படியே சொல்லு. என்னடா?"

நான் கையை எடுக்கவில்லை. பையின் வார் அவள் மூச்சுக்கு ஏறி ஏறி இறங்கியது.

"நீ போனப்புறம் அப்பா என்னைக் கூப்பிட்டாரு" என்றாள். "வயிறு வலிக்குது, அம்மாவுக்குப் போன் போடுன்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு." விக்கியது. "மொதல்ல நிமிருங்கப்பான்னு சொன்னேன். தூது போகக்கூடாதுல்ல. தண்ணி மாத்தி வச்சேன். கதவ சாத்திட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன்."

டாக்டர் கேட்ட கேள்விக்கு இவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. யாருமே கவனிக்கலையா என்று அவர் கேட்டது என்னை. அந்தக் கேள்வியைத் தன்மேல் போட்டுக்கொண்டு இந்தக் கோடியில் தனியாகப் படுத்திருந்தாள் இவள்.

பையைக் கழற்றினேன். அந்த பெஞ்சில் ஒருத்தர் படுக்கவே இடம் போதாது. அவள் முதுகோடு ஒட்டிப் படுத்து, அவள் முழங்காலுக்குப் பின்னால் என் முழங்காலை மடக்கி, கையை அவள் வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். பாதி உடம்பு வெளியே தொங்கியது.

"நீ சொன்னதுக்கு முன்னாடியே என்னையும் கூப்பிட்டாருடா" என்றேன் அவள் காதில். "நானும் அதையேதான் சொன்னேன். மொதல்ல நிமிருங்கன்னு. மொதல்ல சொன்னது நான்தான்."

அவள் முகத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா."

மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயிற்றின்மேல் இருந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர் அந்த வழியாக வந்தவர் நின்று பார்த்துவிட்டு, ஒரு போர்வையைக் கொண்டுவந்து எங்கள்மேல் போட்டுவிட்டுப் போனார்.